மலைச்சோலையிலிருந்து அலையாத்திக் காடு வரை: சேலத்துக் குடும்பங்களுக்கு நான்கு நாள் பயண வழிகாட்டி

சேலத்தில் இருப்பவர்களுக்கு லீவு என்றால் ஏற்காடு. விருந்தாளி வந்தாலும் ஏற்காடுதான். அடிக்கடி போவதாலேயே அந்த மலையை நாம் சரியாகப் பார்த்ததில்லை. ஏரியில் ஒரு ரவுண்டு படகு, சூடாக நாலு பஜ்ஜி, லேடீஸ் சீட்டில் ஒரு போட்டோ, இருட்டுவதற்குள் கீழே இறங்கிவிடுவோம். கடல் பார்க்க ஆசைப்பட்டால் பாண்டிச்சேரிக்கோ ராமேஸ்வரத்துக்கோ கிளம்புவோம்.

எங்கள் பிள்ளைகள் இருவரும் பள்ளியில் ஆறுகளைப் பற்றிப் படித்தபோது, "நம்ம ஊர்த் தண்ணி எங்கேம்மா போகுது?" என்று சின்னவள் கேட்டாள். அதற்குப் பதில் தேடி வரைபடத்தை விரித்ததில் அமைந்தது இந்தப் பயணம். சேர்வராயன் மலையில் உற்பத்தியாகும் திருமணிமுத்தாறு சேலம் நகரத்துக்குள் ஓடி, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. காவிரி முக்கொம்பில் பிரிந்து, வடக்குக் கிளை கொள்ளிடமாகிக் கடலுக்குப் போகிறது. இன்னொரு பக்கம், நம் மாவட்டத்து மலைகளிலிருந்து இறங்கி ஆத்தூர் வழியாக ஓடும் வசிஷ்ட நதி, சுவேத நதியோடு சேர்ந்து வெள்ளாறாகி, பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. வெள்ளாற்று முகத்துக்கும் கொள்ளிட முகத்துக்கும் நடுவில் இருப்பதுதான் பிச்சாவரம் அலையாத்திக் காடு. நம் மலையில் பெய்யும் மழை இரண்டு வழியாகவும் அந்தக் காட்டுப் பக்கமே போகிறது. மேலே ஒரு பழங்காடு, கீழே கடலோரத்தில் இன்னொரு பழங்காடு. இரண்டையும் ஒரே பயணத்தில், தண்ணீர் போகும் திசையிலேயே பார்த்தால் பிள்ளைகளுக்குப் புவியியல் மனதில் பதியும். பெரியவர்களுக்கும்தான்.

நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் மாமியாருமாக ஐந்து பேர் இதை இரண்டு முறை செய்திருக்கிறோம். முதல் முறை தப்பாகச் செய்தோம். இரண்டாம் முறை கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கிளம்பும் முன்: எந்த மாதம்?

இரண்டு இடங்களுக்கும் ஒத்துவரும் காலம் ஜனவரி, பிப்ரவரி. வடகிழக்குப் பருவமழை முடிந்து மலை பச்சையாக இருக்கும், அருவியிலும் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருக்கும். பிச்சாவரத்தில் வலசைப் பறவைகள் இருக்கும், வெயிலும் தாங்கக்கூடியதாக இருக்கும். அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் போகலாம், ஆனால் டிசம்பரில் வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகியிருக்கிறதா என்று வானிலை அறிக்கையைப் பார்த்த பிறகே கிளம்புங்கள். அக்டோபர், நவம்பரில் கடலோரப் பகுதியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மே மாதம் வேண்டவே வேண்டாம். ஏற்காட்டில் கோடை விழாக் கூட்டம், சிதம்பரம் பக்கம் அனல். பள்ளி லீவு அப்போதுதான் என்றால் மலையை மட்டும் பாருங்கள், கடலோரத்தை ஜனவரி 26 ஒட்டிய வார இறுதிக்கு ஒதுக்கி வையுங்கள்.

மூட்டையில் என்ன வேண்டும்

இரண்டு தட்பவெப்பத்துக்கும் ஒரே பையில் துணி எடுத்து வைக்க வேண்டாம். மலைக்கு இரண்டு நாள், நடுவில் ஓர் இரவு வீட்டுக்கே வருகிறோம், அப்புறம் கடலோரத்துக்கு இரண்டு நாள். அதனால் இரண்டு தனிப் பைகள். மலைப்பையில் ஸ்வெட்டர், குல்லா, நல்ல பிடிப்புள்ள ஷூ, டார்ச். கடற்பையில் பருத்தித் துணி, அகலமான தொப்பி, கொசு மருந்து, சேற்றில் பட்டாலும் கழுவிக்கொள்ளக்கூடிய ரப்பர் செருப்பு. இரண்டிலும் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. தடை இல்லாவிட்டாலும் காட்டுக்குள் அதைக் கொண்டுபோகக் கூடாது.

ஒரு சின்ன பூதக்கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும். இந்தப் பயணத்தில் அதைவிட அதிகம் உதவிய பொருள் எதுவும் இல்லை. பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குறையொன்றும் இல்லை.

முதல் நாள்: கொண்டை ஊசி வளைவுகள், ஆர்க்கிட் தோட்டம்

காலை ஆறரைக்குள் அடிவாரத்தைத் தாண்டிவிடுங்கள். சேலத்திலிருந்து ஏற்காடு 30 கிலோமீட்டருக்குள்தான், ஆனால் 20 கொண்டை ஊசி வளைவுகள். பிள்ளைகளுக்கு வயிறு நிறைய இட்லி கொடுத்துக் கூட்டிப்போனால் பத்தாவது வளைவுக்குள் வாந்தி. இரண்டு பிஸ்கட், கொஞ்சம் சுடுதண்ணீர் போதும், டிபன் மேலே போய்ச் சாப்பிடலாம். ஏறும் வண்டிக்கு வழி விடுவது மலைப்பாதை வழக்கம். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் இரண்டாம் கியரிலேயே வர வேண்டும். குரங்குகளுக்கு எதுவும் போடாதீர்கள். நாம் ஒரு வாழைப்பழம் நீட்டினால், அடுத்து வரும் வண்டிக்குக் குறுக்கே அது ஓடுகிறது.

பாதி வழியில் வண்டியை நிறுத்த இடம் உள்ள வளைவில் இறங்கி, சாலையோரம் வெட்டப்பட்ட பாறையைப் பிள்ளைகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கருநீலச் சாயல் உள்ள அந்தப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். சுமார் 250 கோடி ஆண்டுப் பழமை. மரம், செடி, விலங்கு எதுவும் நிலத்தில் இல்லாத காலத்துக் கல் அது. எங்கள் பெரியவன் அதன் மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான்.

மேலே போனதும் எல்லோரும் நேராக ஏரிக்குப் போவார்கள். நீங்கள் ஏரியை மாலைக்கு வைத்துக்கொண்டு, இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தோட்டத்துக்குப் போங்கள். 1963-இல் தொடங்கப்பட்ட இந்தத் தோட்டத்தில்தான் தேசிய ஆர்க்கிட் காப்பகம் இருக்கிறது. அரசு அலுவலகம் என்பதால் வார நாளில் போவது நல்லது. பூச்சிகளைப் பிடித்துச் செரிக்கும் குடுவைத் தாவரம் இங்கே உண்டு. மேகாலயாவில் இயற்கையாக வளரும் செடி, ஏற்காட்டுக் குளிரில் நன்றாகவே வளர்ந்திருக்கிறது. மூடி போட்ட சொம்பு போன்ற அந்தக் குடுவையைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் நகரவே மாட்டார்கள், அரை மணி நேரம் கூடுதலாகக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த மலையின் பெயரையே தன் பெயரில் தாங்கிய ஒரு மரமும் உண்டு: வெர்னோனியா ஷெவராயென்சிஸ். அங்கே பணியில் இருப்பவர்களிடம் மரியாதையாகக் கேட்டால் பொறுமையாகச் சொல்லித் தருகிறார்கள்.

இந்தத் தோட்டத்தை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஏற்காட்டில் நாம் "காடு" என்று நினைப்பதில் பெரும்பகுதி காப்பித் தோட்டம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். அதிலிருந்து 200 ஆண்டுகளாகச் சோலைக்காடு குறைந்து தோட்டம் வளர்ந்திருக்கிறது. எது எது என்று கண்டுபிடிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. நெட்டையாக, நேராக, ஒரே உயரத்தில் நிற்கும் சாம்பல் நிற மரங்கள் சில்வர் ஓக், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. அவற்றில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், அடியில் காப்பிச் செடி இருக்கும். குட்டையாக, வளைந்து நெளிந்து, குடை பிடித்ததுபோல் கிளை விரித்து, உடம்பெல்லாம் பாசி படர்ந்து நிற்பவைதான் பழைய காட்டு மரங்கள். முதல் நாள் மதியம் முழுக்க வண்டியில் போகும்போது "இது தோட்டம், இது காடு" என்று பிள்ளைகளுக்கு விளையாட்டாகவே வைத்துவிடுங்கள். சாயங்காலத்துக்குள் அவர்கள் நமக்குச் சொல்லித் தருவார்கள்.

நவம்பரிலிருந்து ஜனவரி வரை காப்பிப் பழம் பறிக்கும் நேரம். சாலையோரத்திலிருந்து பாருங்கள், தோட்டத்துக்குள் கேட்காமல் நுழையாதீர்கள். மாலையில் ஏரி. அது பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

தங்கும் இடத்தை முன்பதிவு செய்யும்போது காலையில் சுடுதண்ணீர் கிடைக்குமா, எத்தனை மணிக்கு என்று வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். முதல் தடவை ஒரு விடுதியில் மாமியார் ஜனவரிக் குளிரில் பச்சைத்தண்ணீரில் குளித்து, அடுத்த இரண்டு நாளும் இருமினார்.

இரண்டாம் நாள்: சேர்வராயன் கோயில், சோலை

விடியற்காலை ஐந்தரைக்கு எல்லோரையும் எழுப்பிவிடுங்கள். ஆறு மணிக்கு மலையுச்சியில் இருக்க வேண்டும். சேர்வராயன் கோயில் இருக்கும் மேட்டின் உயரம் 5,326 அடி. மேலே பரந்த புல்வெளி, காற்று ஆளைத் தள்ளும். பனி இறங்கியிருந்தால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. பிள்ளைகளின் கையை விடாதீர்கள், விளிம்பு எங்கே என்று பழகியவர்களுக்குத்தான் தெரியும்.

கோயில் ஒரு குகை. தலை குனிந்து, கொஞ்சம் ஒடுங்கித்தான் உள்ளே போக முடியும். உள்ளே சேர்வராயனோடு இருப்பது காவேரி அம்மன். காவிரி ஓடுவது இங்கிருந்து வெகு தூரத்தில். இருந்தும் இந்த மலை உச்சியில், இருட்டுக் குகைக்குள், அவள் பெயரில் ஓர் அம்மன். இந்த மலையின் தண்ணீர் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை இங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்கள் வரைபடம் இல்லாமலே அறிந்திருந்தார்கள் என்று நான் நம்புகிறேன். என் மாமியார் அந்த ஈரப் பாறையில் கையை வைத்து, "இங்கிருந்து கும்பிட்டுட்டுப் போனா அங்க கடல்ல போய்ப் பாக்கலாம்" என்றார். ஆண்டுத் திருவிழா மே மாதத்தில் நடக்கும், அப்போது சுற்றுவட்ட மலைக் கிராமங்கள் எல்லாம் கூடும்.

கோயிலிலிருந்து இறங்கும்போது, மலையின் மடிப்புகளில் அங்கங்கே சோலை மிச்சம் இருப்பது தெரியும். சாலையும் பொதுவழியும் உள்ள இடத்தோடு நின்றுகொள்ளுங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போவது குற்றம், காட்டெருமை நடமாட்டமும் உண்டு. காட்டெருமையைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைத்து, அது போகும்வரை உள்ளேயே இருங்கள். போட்டோவுக்காகக் கதவைத் திறக்க வேண்டாம்.

சரி, சாலையோரத்தில் நின்று என்ன பார்ப்பது? ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். பாசி படர்ந்த, வயதான மரம். அதன் முன் பதினைந்து நிமிடம் நில்லுங்கள். நாங்கள் நின்ற மரத்தில் இடுப்பு உயரத்தில் பாசி விரல் புதையும் அளவுக்குத் தடித்திருந்தது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் அதுவே ஒரு குட்டிக் காடு: நட்சத்திரம் நட்சத்திரமாக இலைகள், ஒவ்வொரு நுனியிலும் ஒரு சொட்டு நீர், நடுவில் மிளகை விடச் சிறிய ஒரு நத்தை. அதற்கு மேலே கிளை பிரியும் இடத்தில் பெரணி. அதற்கும் மேலே, நேற்று தோட்டத்தில் தொட்டியில் பார்த்த ஆர்க்கிட் வகை, இங்கே யாரும் வைக்காமல் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. சின்னவள் பாசியை மெல்ல அழுத்தினாள், விரல் இடுக்கில் தண்ணீர் வழிந்தது. மழை நின்று பல நாள் ஆகியிருந்தது. சோலை எப்படி மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுகிறது என்று நான் விளக்கத் தொடங்கினேன், அவள் "தெரியுதும்மா" என்றாள். பாசியைப் பிய்க்காதீர்கள், ஒரு விரல் தொட்டால் போதும். ஈரமான நாளில் அட்டை இருக்கலாம், காலுறைக்குள் பேண்ட்டைச் சொருகிக்கொள்ளுங்கள்.

கிளியூர் அருவி அடுத்தது. ஏரி நிறைந்து வழியும் நீர் சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. மழைக்காலம் முடிந்து ஓரிரு மாதத்துக்குத்தான் அருவி அருவியாக இருக்கும். இறங்கும் பாதை செங்குத்து, வழுக்கும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை மேலேயே உட்காரவைத்துவிட்டு, ஒருவர் துணைக்கு இருந்துகொள்ளுங்கள். பகோடா பாயிண்ட், கரடிக் குகை எல்லாம் நேரம் இருந்தால் பாருங்கள்.

மதியச் சாப்பாடு முடித்து இறங்கும்போது வந்த வழியே வராமல் குப்பனூர் வழியாக இறங்குங்கள். கூட்டம் குறைவு, ஊர்களும் தோட்டங்களும் நெருக்கமாகத் தெரியும். அந்தப் பாதை அயோத்தியாப்பட்டணம் பக்கம் கொண்டுவந்து விடும். அங்கிருந்து நகருக்குள் வந்து, பழைய பேருந்து நிலையப் பக்கம் திருமணிமுத்தாற்றுப் பாலத்தில் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். காலையில் பாசியிலிருந்து விரலில் வழிந்த தண்ணீர் இங்கே கறுத்து, நுரைத்து, நாற்றமடித்துப் போகிறது. பிள்ளைகளுக்கு இதைக் காட்டாமல் தவிர்க்காதீர்கள். காட்டைப் பார்த்த அன்றே இதையும் பார்த்தால்தான் அவர்களுக்குக் கோபம் வரும், வர வேண்டும்.

இரவு வீட்டில். சீக்கிரம் தூங்குங்கள்.

மூன்றாம் நாள்: ஆற்றோடு கிழக்கே

சேலத்திலிருந்து சிதம்பரம் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். நிறுத்தி நிறுத்திப் போக ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வாழப்பாடி, ஆத்தூர், தலைவாசல், சின்னசேலம், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விருத்தாசலம் என்று போகலாம். ரயிலில் போக விரும்புபவர்களுக்குச் சேலத்திலிருந்து ஆத்தூர், சின்னசேலம் வழியாக விருத்தாசலம் போகும் பாதை இருக்கிறது, அங்கிருந்து பேருந்து. முதியவர்கள் இருந்தால் காரே நல்லது.

ஆத்தூரில் வசிஷ்ட நதிப் பாலத்தில் நதியைக் காட்டிவிடுங்கள். கரையில் பழைய கோட்டை இருக்கிறது. பெரும்பாலான மாதங்களில் ஆற்றில் தண்ணீர் இருக்காது, மணலும் முட்செடியும்தான். தலைவாசலில் பெரிய காய்கறிச் சந்தை, விடியற்காலையிலேயே சூடு பிடித்துவிடும். வழிச்சாப்பாட்டுக்கு வெள்ளரியும் கொய்யாவும் அங்கே வாங்கிக்கொண்டோம்.

விருத்தாசலத்துக்குப் பழமலை என்று பெயர் உண்டு, திருமுதுகுன்றம் என்பதும் அதே பொருள்தான். மணிமுத்தா நதிக்கரையில் பெரிய கோயில். அருகில்தான் நெய்வேலி. அங்கே வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரி, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மண்ணுக்குள் புதைந்த காடு. காரில் போகும்போது இதைச் சொன்னதும், "அப்போ நம்ம வீட்டு லைட்டு எரியறது காட்டாலயா?" என்று கேட்டான் பெரியவன். ஆமாம் என்றேன்.

சிதம்பரத்தில் அறை எடுத்துச் சாமானை வைத்துவிட்டு, வெயில் தாழ நாலு மணிக்குப் பரங்கிப்பேட்டைக்குப் போங்கள். வெள்ளாறு கடலில் கலக்கும் இடம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் இங்கேதான் 1961 முதல் இருக்கிறது. பழைய துறைமுகம், போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் வந்து போன ஊர். 1781 ஜூலை 1-ஆம் தேதி ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் போர் நடந்த இடமும் இதுவே.

சேலத்துக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று. ஜோசையா ஹீத் என்பவர் 1830-இல் இங்கே ஓர் இரும்பாலையைத் தொடங்கினார். தாது வந்தது சேலம் பகுதியிலிருந்து. சேலத்தில் உருக்காலை வருவதற்கு வெகு காலம் முன்பே நம் ஊர்க் கல் இந்தக் கடற்கரையில் இரும்பாக உருகியிருக்கிறது. அதை உருக்கக் காட்டு மரத்தைத்தான் கரியாக்கி எரித்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆற்று முகத்தில் குளிக்காதீர்கள், நீரோட்டம் இழுக்கும். கரையில் உட்கார்ந்து, ஆற்று நீரும் கடல் நீரும் சந்திக்கும் கோட்டைப் பாருங்கள்.

நான்காம் நாள்: பிச்சாவரம்

முதல் முறை நாங்கள் செய்த தப்பு இதுதான்: பொங்கல் லீவு நாளில், காலை டிபன் எல்லாம் முடித்து, பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றோம். உச்சி வெயிலில் படகு. மாமியாருக்குத் தலை சுற்றியது. பறவை ஒன்றும் கண்ணில் படவில்லை. இரண்டாம் முறை வார நாளில், படகுக் குழாம் திறக்கும் முன்பே வாசலில் நின்றோம். இரண்டும் ஒரே இடம் என்று நம்ப முடியவில்லை.

சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் சுமார் 15 கிலோமீட்டர், கிள்ளை வழியாக. சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாமில் டிக்கெட். மோட்டார் படகு வேகமாக அதிகத் தூரம் போகும். துடுப்புப் படகு மெல்லப் போகும், ஆனால் குறுகிய கால்வாய்களுக்குள் நுழையும், சத்தம் இருக்காது. யோசிக்காமல் துடுப்புப் படகையே எடுங்கள். முடிந்தவரை நீண்ட நேரச் சுற்றுக்குப் பணம் கட்டுங்கள், குறுகிய சுற்றில் உப்பங்கழியின் அகலத்தைப் பார்த்துத் திரும்புவதோடு சரி. உயிர்காப்புச் சட்டையைப் பிள்ளைகளுக்கு நீங்களே இறுக்கிக் கட்டுங்கள். கழிப்பறைக்குக் கரையிலேயே போய்விட்டு ஏறுங்கள்.

சுமார் 1,100 ஹெக்டேர் பரப்புள்ள காடு இது. 2022-இல் ராம்சர் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அகலமான கழியிலிருந்து படகு ஒரு சந்துக்குள் திரும்பும்போது வெளிச்சம் பச்சையாகிவிடும். இரண்டு பக்கக் கிளைகளும் தலைக்கு மேல் கோத்துக்கொண்டு நிற்கும். எங்கள் படகுக்காரர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, வேர்களைக் கையால் தள்ளியே படகை நகர்த்தினார். "அக்கா, பாப்பாவ கைய உள்ள வெச்சுக்கச் சொல்லுங்க, வேருல சிப்பி ஒட்டியிருக்கும், கிழிச்சிடும்" என்றார்.

பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய மரம் மூன்று.

ஒன்று, சுரபுன்னை. தண்ணீரில் பல கால் ஊன்றி நிற்பதுபோல் வளைந்த வேர்கள். இதன் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போல நீளமாகத் தொங்கும். கீழே விழுந்தால் சேற்றில் குத்தி நிற்கும், இல்லையென்றால் மிதந்து போய் வேறிடத்தில் ஊன்றும். அலை அடித்துப்போகும் மண்ணில் விதையாக விழுந்தால் பிழைக்காது என்பதால், தாய் மரம் பிள்ளையை வளர்த்தே அனுப்புகிறது.

இரண்டாவது வெண்கண்டல். இங்கே மிக அதிகம் இதுதான். மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேல்நோக்கி நிற்பவை இதன் மூச்சு வேர்கள். காற்று புகாத சேற்றுக்குள் இருக்கும் வேர் மூச்சு விட மேலே வருகிறது. இலையில் உப்பைக் கக்கிவிடும். படகுக்காரர் ஓர் இலையைக் காட்டி, "இத நாக்குல வெச்சுப் பாரு பாப்பா" என்றார். பூதக்கண்ணாடியில் பார்த்தோம்: கண்ணாடித் துகள் போல உப்புப் பொடி. நாக்கில் சுருக்கென்று கரித்தது. வெள்ளாற்றிலும் கொள்ளிடத்திலும் நல்ல தண்ணீர் வருவது குறையக் குறைய, உப்பைத் தாங்கும் இந்த மரமே பெருகி, மற்றவை குறைந்திருக்கின்றன. மேலே அணையும் ஆலையும் செய்வது இந்த இலையில் தெரிகிறது.

மூன்றாவதை நீங்களாகத் தொடவே கூடாது. தில்லை மரம். கிளையை ஒடித்தால் பால் வரும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, தோலில் பட்டால் புண்ணாகும். அதனால்தான் படகுக்காரர் எடுத்துத் தராத எந்த இலையையும் பிள்ளைகள் வாயில் வைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இந்த மரத்தால். நடராசர் கோயிலின் தலமரம் இது. ஊர் முழுக்கத் தில்லை வனமாக இருந்த காலம் போய், மரம் இப்போது பிச்சாவரத்தில்தான் மிச்சம். உதிரும் முன் இலைகள் சிவப்பாகும், தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். "தில்லைவாழ் அந்தணர்னு படிச்சிருக்கேன், தில்லைய இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்று மாமியார் அந்தச் சிவந்த இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் வற்றியிருக்கும் நேரமானால் சேற்றில் ஒரு கை மட்டும் பெரிதாக உள்ள நண்டுகள், துள்ளி நடக்கும் மீன்கள் தெரியும். ஏறியிருக்கும் நேரமானால் கால்வாய்களுக்குள் அதிகம் போகலாம். எது கிடைத்தாலும் நல்லதே. கழியில் இடுப்பளவுத் தண்ணீரில் கையாலேயே இறாலைத் துழாவிப் பிடிக்கும் இருளர் மக்களைப் பார்ப்பீர்கள். அவர்கள் வேலை செய்கிறார்கள், கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகள் பெருமளவு தப்பின, கடலுக்கு நேர் எதிரே இருந்தவை தப்பவில்லை. வெட்டப்பட்டு உப்பேறிக் கட்டாந்தரையாகக் கிடந்த பகுதிகளில், 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, கடல் நீர் உள்ளே வந்து போக வழி செய்து, கன்று நட்டுக் காட்டை மீட்டார்கள். படகில் போகும்போது ஒரே சீராக நிற்கும் இளமரங்கள் கண்ணில் பட்டால், எந்த இடம் நட்டு வளர்த்தது என்று படகுக்காரரிடம் கேளுங்கள். ஏற்காட்டில் "தோட்டமா, காடா" விளையாடிய பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிக்கப் பார்ப்பார்கள்.

திரும்பும் வழி

பதினொரு மணிக்குள் சிதம்பரம் வந்துவிட்டால் நடை சாத்தும் முன் நடராசர் கோயிலைப் பார்த்துவிடலாம். தில்லை மரத்தைப் பார்த்த கையோடு கோயிலுக்குள் போவது வேறு அனுபவம். தாமதமானால் அவசரப்படாமல் மாலை நடை திறக்கும்வரை இருந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சாப்பாட்டுக்குச் சிதம்பரம் கத்தரிக்காய் கொத்சு. இட்லிக்கும் சரி, பொங்கலுக்கும் சரி, நம் ஊர்ச் சட்னிக்கு அது ஈடு கொடுக்கும்.

சேற்றுச் செருப்புகளைத் தனிப் பையில் கட்டிக்கொள்ளுங்கள், காருக்குள் விட்டால் வீடு வரும்வரை சேற்று வாடை போகாது. விருத்தாசலம் தாண்டினால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். எங்கள் சின்னவள் மட்டும் ஆத்தூர்ப் பாலத்தில் விழித்து, இருட்டில் ஆறு தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தாள். தண்ணீர் இல்லை. "மேல மழை பெஞ்சா வரும்" என்று சொல்லிவிட்டு, பாட்டி மடியில் மறுபடி சாய்ந்துகொண்டாள்.